வெளிநாட்டில் மார்க்கெட்டிங் முதுநிலை: வேலையிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்

கேள்வி இது: "பிபிஏ முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் மார்க்கெட்டிங் முதுநிலை படிக்க ஆசை. கன்சல்டன்சியில் பிரிட்டனில் மூன்று பல்கலைக்கழகங்களைச் சொல்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க அப்பா தயாராக இருக்கிறார். எந்த நாடு, எந்தப் படிப்பு எடுத்தால் வேலை நிச்சயம்?"

நிச்சயம் என்று எந்த நாட்டைப் பற்றியும் யாரும் சொல்ல முடியாது. எங்கே வாய்ப்பு அதிகம், எங்கே கதவு ஏற்கெனவே பாதி சாத்தியிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு முதலில் பல்கலைக்கழகப் பட்டியலை ஓரமாக வையுங்கள். படிப்பு முடிந்து இரண்டாவது வருடம் நீங்கள் என்ன வேலையில் இருக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த வேலைக்கு அந்த நாட்டில் என்ன பெயர், என்ன சம்பளம், அந்தச் சம்பளத்துக்கு வேலை விசா கிடைக்குமா, அதற்கு வெளிநாட்டுக்காரரை எடுக்கிற நிறுவனங்கள் உண்டா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு கல்லூரியைத் தேடினால் போதும்.

மார்க்கெட்டிங்குக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புரோகிராம் எழுதுகிறவருக்குச் சென்னையிலும் பெர்லினிலும் வேலை ஒன்றுதான். மார்க்கெட்டிங்கில் பாதி வேலையே அந்த ஊர்க்காரர்களைத் தெரிந்துவைத்திருப்பது. மான்செஸ்டரில் ஒரு குடும்பம் சனிக்கிழமை என்ன வாங்கும், எந்த விளம்பரத்துக்குச் சிரிக்கும், எதற்கு முகம் சுளிக்கும் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளின் பிராண்ட் மேனேஜர் வேலையும், விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதும் வேலையும் நமக்கு எட்டாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் எல்லை தாண்டிச் செல்லுபடியாகும் கிளைகளும் உண்டு. ஒன்று, எண்கள் சார்ந்தது: விளம்பரச் செலவுக்கு எவ்வளவு பலன் வந்தது என்று அளப்பது, சந்தை ஆய்வு, வாடிக்கையாளர் தரவு. இன்னொன்று, நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருள்களின் மார்க்கெட்டிங். இதில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் இரண்டும் வளர்ந்தது சென்னையில்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மார்க்கெட்டிங் செய்து பழகியவர்கள் இந்த ஊரில் நிறைய. அப்படி ஒரு இடத்தில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால், டப்ளினிலோ லண்டனிலோ இருக்கும் நிறுவனத்துக்கு உங்கள் அனுபவம் உடனே புரியும். உள்ளூர் நகைக்கடைக்கும் பயிற்சி மையத்துக்கும் விளம்பரம் ஓட்டிய அனுபவத்தை அவ்வளவு எளிதாக விளக்க முடியாது.

சரி, பிரிட்டன். கன்சல்டன்சி சொன்னதும் அதுதான், அதிகம் பேர் போவதும் அங்கேதான், கணக்கு மிகவும் மாறியிருப்பதும் அங்கேதான். 2021 ஜூலையில் தொடங்கிய கிராஜுவேட் ரூட், முதுநிலை முடித்தவர்களுக்கு இரண்டு வருடம் வேலை தேட அனுமதி தந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். 2026 செப்டம்பரில் சேருகிறவர் படித்து முடிக்கும்போது இந்தப் புது விதிக்குள்தான் வருவார்.

அந்த 18 மாதத்துக்குள் ஒரு நிறுவனம் உங்களுக்கு ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும், அதாவது உங்களை வேலைக்கு எடுப்பதாக அரசிடம் பொறுப்பேற்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்கான பொதுவான சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவருக்குச் சலுகை உண்டு, 33,400 பவுண்டு போதும். ஆனால் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்ற தொடக்க நிலை வேலைக்கு லண்டனுக்கு வெளியே 25,000 முதல் 30,000 பவுண்டு வரைதான் பல இடங்களில் விளம்பரமாகிறது. அதே தேதியிலிருந்து பொதுவாகப் பட்டதாரி நிலை வேலைகளுக்கு மட்டுமே இந்த விசா என்றும் ஆக்கிவிட்டார்கள். அதனால் மார்க்கெட்டிங் மேனேஜர் போன்ற பணிக் குறியீட்டுக்குள் உங்கள் வேலை வருகிறதா என்பதும் கேள்வி. புதியவர் சலுகையும் மொத்தம் நான்கு வருடம்தான், கிராஜுவேட் ரூட்டில் கழித்த காலமும் அந்தக் கணக்கில் சேரும். ஒன்றரை வருடம் அதில் போனால் மிச்சம் இரண்டரை வருடம். அதற்குள் சம்பளம் முழு வரம்பைத் தொட வேண்டும்.

அப்புறம் நாட்காட்டி. கன்சல்டன்சியில் யாரும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. செப்டம்பர் கடைசியில் போய் இறங்குவீர்கள். பெரிய நிறுவனங்களின் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும், பல திட்டங்கள் நவம்பருக்குள் மூடிவிடும். நீங்கள் வங்கிக் கணக்கு திறந்து, அறை பிடித்து, முதல் அசைன்மென்ட்டை முடித்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த ஆண்டுக்கான வாசல் அடைபட்டிருக்கும். ஜனவரியில் தேர்வு, மே வரை வகுப்பு, கோடை முழுக்க ஆய்வேடு. இன்டர்ன்ஷிப்புக்கு இடமே இல்லை. பிரிட்டன்தான் என்று முடிவு செய்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, சென்னையில் இருந்துகொண்டே இந்த விண்ணப்பங்களைப் போட்டுவிடுங்கள். ப்ளேஸ்மென்ட் ஆண்டு, அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஆண்டு, சேர்ந்த இரண்டு வருட எம்எஸ்சி கிடைத்தால் நல்லது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ப்ளேஸ்மென்ட்டை மாணவரேதான் தேடிக்கொள்ள வேண்டும், கிடைக்காவிட்டால் ஒரு வருடப் படிப்புக்கே மாற்றிவிடுவார்கள். எழுதித்தரும் உறுதி என்ன என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் உள்துறை இணையத்தில் வெளியிடுகிறது, யாரும் இறக்கிப் பார்க்கலாம். பத்து மார்க்கெட்டிங் வேலை விளம்பரங்களை எடுத்து, அந்த நிறுவனங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பெயர் இருந்தாலும் மார்க்கெட்டிங் வேலைக்கு ஸ்பான்சர் செய்வார்கள் என்று அர்த்தமில்லை, பொறியாளர்களுக்காக உரிமம் வாங்கியிருக்கலாம். விளம்பரத்தின் கடைசி வரியில் "பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே இருக்க வேண்டும்" என்று இருக்கும். எத்தனை விளம்பரங்களில் அந்த வரி இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்த்தால், நான் எவ்வளவு எழுதினாலும் புரியாதது புரியும்.

அமெரிக்காவுக்குப் போவதானால் பார்க்க வேண்டியது ஆறு இலக்க எண் ஒன்று. சேர்க்கை உறுதியானதும் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில், உங்கள் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கும். சிஐபி குறியீடு என்பார்கள். 52.1401 என்று இருந்தால் அது பொது மார்க்கெட்டிங், ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, கணிதப் பாடங்களின் பட்டியலில் இல்லை. படிப்புக்குப் பிறகு மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். 52.1302 என்று வணிகப் புள்ளியியலாகவோ, 30.7102 என்று பிசினஸ் அனலிட்டிக்ஸாகவோ இருந்தால் கூடுதலாக 24 மாதம், ஆக மூன்று வருடம். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய ஒரே பாடங்களுக்கு வேறு வேறு குறியீடு இருக்கலாம். படிப்பின் பெயரில் அனலிட்டிக்ஸ் என்று இருப்பதை வைத்து நம்பிவிடாமல், விண்ணப்பிப்பதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு மொத்தம் 85,000 இடம், அதில் 20,000 அமெரிக்க முதுநிலைக்காரர்களுக்கு. 2026 முதல், இந்த இடங்களுக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சம்பள நிலைக்கு ஏற்ப எடை கொடுக்கிறார்கள், தொடக்க நிலைச் சம்பளக்காரருக்கு வாய்ப்பு குறைகிறது. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. ஆனால் மார்க்கெட்டிங்குக்கு என்றே ஒரு பழைய தலைவலி உண்டு. குறிப்பிட்ட துறைப் பட்டம் கட்டாயம் தேவைப்படும் வேலைதானா இது என்று அதிகாரிகள் கேட்பார்கள். சந்தை ஆய்வாளர் பணிக்கு இப்படி மறுத்ததை எதிர்த்துக் கலிபோர்னியாவில் கூட்டு வழக்கே நடந்து, 2021-இல் சமரசமானது. கல்விக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். நல்ல உதவித்தொகையும் ஸ்டெம் குறியீடும் இரண்டும் இருந்தால் மட்டுமே அமெரிக்காவை எண்ணிப் பாருங்கள்.

கனடாவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஒண்டாரியோ மாநிலக் கல்லூரிகளில் ஒரு வருட மார்க்கெட்டிங் போஸ்ட் கிராஜுவேட் சான்றிதழ் படிப்புகள் நிறைய. கட்டணம் குறைவு என்று சொல்லி விற்பார்கள். 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள், கல்லூரிப் படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி வாங்க வேண்டுமானால், பாடம் அரசு அறிவித்த துறைப் பட்டியலில் இருக்க வேண்டும். மார்க்கெட்டிங் அதில் இல்லை. படித்து முடித்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பல்கலைக்கழக முதுநிலைப் பட்டத்துக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு வருடப் பட்டமாக இருந்தாலும் மூன்று வருடம் வரை வேலை அனுமதி உண்டு. சான்றிதழுக்கும் பட்டத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் பணம் கட்டக் கூடாது.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம். எல்லாம் சரி, ஆனால் மார்க்கெட்டிங் வேலை நடப்பது ஜெர்மன் மொழியில். பெர்லினின் சில புதிய நிறுவனங்களைத் தவிர மற்ற இடங்களில் சி1 என்ற உயர்நிலை அளவுக்கு மொழி கேட்பார்கள். இங்கேயே பி1 என்ற இடைநிலை வரை முடித்துவிட்டுப் போகும் பொறுமை இருந்தால் அருமையான தேர்வு. இல்லையென்றால் வேண்டாம். கன்சல்டன்சிகள் காட்டும் ஜெர்மன் பெயர்களில் அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளும் இருக்கும், பிரித்துப் பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்த இரண்டு நாடுகள். ஆஸ்திரேலியாவில், இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், இருநாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின்படி வகுப்புவழி முதுநிலைக்குப் பிறகு மூன்று வருடம் வேலை அனுமதி. மற்ற பெரும்பாலான நாட்டவருக்கு, இலங்கைத் தமிழர்கள் உட்பட, இரண்டு வருடம். விண்ணப்பிக்கும்போது வயது 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஆனால் படிப்பு, அரசுப் பதிவேட்டில் குறைந்தது 92 வாரம் என்று பதிவானதாக இருக்க வேண்டும். ஒரு வருட, ஒன்றரை வருட முதுநிலைகள் இதில் அடிபட்டுப் போகும், ஆகவே இரண்டு வருடப் படிப்பாகவே தேடுங்கள். செலவு கூடும், மாணவர் விசாக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஆனாலும் படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் பார்க்க விடுமுறைகள் கிடைக்கும், பிறகு யாருடைய ஸ்பான்சரும் இல்லாமல் மூன்று வருடம் வேலை பார்க்கலாம். உள்ளூர் அனுபவம் இல்லை என்பதுதானே நம்முடைய பெரிய குறை, அதைச் சரிசெய்ய இந்தக் காலம் போதும். பிராண்ட் வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற எரன்பெர்க்-பாஸ் நிறுவனம் அடிலெய்டில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பிஆர்) தனிக் கணக்கு, அதைச் சேர்த்து விற்பவரை நம்பாதீர்கள்.

அயர்லாந்தில் படிப்பு ஒரு வருடம், அதன்பின் முதுநிலைக்காரர்களுக்கு 24 மாதம் வரை தங்கி வேலை பார்க்கலாம், முதலில் 12 மாதம், பிறகு நீட்டிப்பு. கூகுள், மெட்டா, லிங்க்ட்இன், ஹப்ஸ்பாட் எல்லாம் ஐரோப்பியச் செயல்பாட்டை டப்ளினில் வைத்திருக்கின்றன. மென்பொருள் மார்க்கெட்டிங்குக்குப் பொருத்தமான ஊர். அறை வாடகை கடுமை, அறை கிடைப்பது அதைவிடக் கடுமை. ஜூனிலேயே தேடத் தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் மார்க்கெட்டிங் தரவு சார்ந்த நல்ல முதுநிலைகள் உண்டு. ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயதோடு கூடும். உங்களுக்கு ஐந்தாறு வருட அனுபவம் ஆன பிறகு யோசிக்கலாம்.

நாட்டைத் தேர்ந்ததும் கல்லூரியை எப்படி அலசுவது? லிங்க்ட்இன்னில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய், முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறங்கள். முடித்த ஆண்டு 2022 முதல் 2024 வரை என்று வைத்து, தேடும் இடத்தில் உங்கள் படிப்பின் பெயரைப் போடுங்கள். வருகிறவர்களில் இளநிலையை இந்தியாவில் முடித்தவர்களை மட்டும் ஒவ்வொருவராகத் திறந்து பாருங்கள். முதுநிலைக்குப் பிந்தைய முதல் வேலை என்ன? எத்தனை மாத இடைவெளி? மார்க்கெட்டிங் பதவியா, சூப்பர்மார்க்கெட் பணியாளரா, இப்போது ஊர் திரும்பி பெங்களூரில் இருக்கிறாரா? முப்பது பேரைப் பார்த்தால் அந்தப் படிப்பின் நிலவரம் தெரிந்துவிடும். அதில் நாலைந்து பேருக்கு எழுதுங்கள், "படிப்பு எப்படி இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்காமல், "முதல் வேலை எந்த மாதம் கிடைத்தது, அந்த நிறுவனம் ஸ்பான்சர் செய்ததா" என்று மட்டும் கேளுங்கள். சின்னக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

பல்கலைக்கழகம் காட்டும் வேலைவாய்ப்புச் சதவீதத்தையும் பிரித்துக் கேளுங்கள். பிரிட்டனில் அந்த எண் பெரும்பாலும் படிப்பு முடிந்து 15 மாதம் கழித்து எடுக்கும் கிராஜுவேட் அவுட்கம்ஸ் கணக்கெடுப்பிலிருந்து வருவது. "வேலையில் அல்லது மேற்படிப்பில்" என்று சேர்த்துச் சொல்லும்போது எந்த வேலையும் அதற்குள் அடங்கிவிடும். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் பட்டதாரி நிலை வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

பாடப்பட்டியலில், உலகளாவிய மார்க்கெட்டிங், ஆடம்பரப் பொருள் மார்க்கெட்டிங், டிஜிட்டல் உத்தி என்று தலைப்புகள் மட்டும் அடுக்கியிருந்தால் அது உங்கள் பிபிஏவின் இரண்டாம் பதிப்பு. ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகளில் தரவு அலசல், சோதனை வடிவமைப்பு, விலை நிர்ணயம், உண்மையான நிறுவனத்துக்குச் செய்யும் ஆலோசனைத் திட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கல்லூரிக்கு ஏஏசிஎஸ்பி அல்லது ஈக்விஸ் என்ற வணிகக் கல்லூரித் தர அங்கீகாரம் இருப்பது நல்லது. பிரிட்டன் படிப்பென்றால் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் மார்க்கெட்டிங் அங்கீகரித்ததா என்றும் பாருங்கள், அவர்களுடைய தொழில்முறைத் தகுதியில் சில தாள்களுக்கு விலக்கு கிடைக்கும்.

இப்போதிருக்கும் வேலையை விடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் ஓட்டிய விளம்பரங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். சிவியில் "பேஸ்புக் விளம்பரங்களைக் கையாண்டேன்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். உதாரணமாக, "ஒரு கல்வி நிறுவனத்துக்கு மாதம் 4 லட்சம் ரூபாய் செலவில் விளம்பரம், விளம்பரம் பார்த்து விசாரிக்கும் ஒருவருக்கு ஆகும் செலவை ஆறு மாதத்தில் 310 ரூபாயிலிருந்து 220 ரூபாய்க்குக் குறைத்தேன்" என்று எழுதுங்கள். இந்த மாதிரி மூன்று வரி இருந்தால் பட்டத்தைவிட அதுதான் நேர்காணலுக்குக் கூப்பிட வைக்கும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். விளம்பரச் செலவின் பலனை அலசும் மெட்டாவின் ராபின், கூகுளின் மெரிடியன் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், யாரும் இறக்கிப் பழகலாம்.

கடைசியாகக் கடன். 40 லட்சம் ரூபாய், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். பவுண்டில் சம்பாதித்துக் கட்டலாம் என்று போடும் கணக்கை மறந்துவிட்டு, வேலை கிடைக்காமல் திரும்பி வந்து சென்னைச் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் வேண்டாம். நடுத்தரமான ஒரு பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு வருட எம்எஸ்சிக்காக அந்த வீட்டை அடமானம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுவேன். அந்த வருடத்தில் ஏஜென்சியிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு மாறி, எண்களோடு பழகி, பிறகு ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடப் படிப்புக்கும், அயர்லாந்தில் தரவு சார்ந்த ஒரு வருடப் படிப்புக்கும் விண்ணப்பிப்பேன்.

கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன, கமிஷன் தராத இடங்கள் அவர்கள் பட்டியலுக்குள் வருவது அரிது. "இடம் போய்விடும், இந்த வாரமே டெபாசிட் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தினால், பல்கலைக்கழகத்தின் பணம் திருப்பித்தரும் விதிகளை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் விசா மறுக்கப்பட்டால்தான் அந்தப் பணம் திரும்ப வரும், மனம் மாறினால் வராது.